வளர்ப்பும் வழிமரபும்: இஸ்லாமிய நோக்கில் அநாதைப் பிள்ளைப் பேணல்

பெற்றோரை இழந்த பிள்ளையைப் பேணுதல் அறங்களுள் தலையாயது என்பதில் நம் சமுதாயத்தில் இருவேறு கருத்தில்லை. ஆயினும், 'இஸ்லாத்தில் தத்து இல்லை' என்னும் தொடரும் நம் ஊர்களில் பரவலாக வழங்குகிறது. அதனைக் கேட்டுப் பிள்ளைப்பேறற்ற தம்பதியர் சிலர், ஆதரவற்ற குழந்தையைத் தம் இல்லத்திற்கு அழைத்து வரவே தயங்குகின்றனர். வேறு சிலர், வளர்க்கும் பிள்ளைக்கு உண்மையை மறைத்துத் தம்மையே பெற்றோராக ஏடுகளில் எழுதி வைக்கின்றனர். மார்க்கம் விலக்கியது எது, விதித்தது எது என்று பிரித்துணர்ந்தால் இவ்விரு போக்கும் பொருந்தாமை விளங்கும். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

செவிலியும் அலிமாவும்

தமிழ் அக இலக்கியத்தில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. உடன்போக்குச் சென்ற தலைவியைத் தேடிச் சுரத்திடைச் செல்பவளாகப் புலவர்கள் காட்டுவது செவிலியையே. தொல்காப்பியர் களவியலில் தாய் என்னும் சிறப்பினைச் செவிலிக்கு உரியதாக்குகிறார். வளர்த்தவளை இவ்வளவு உயர்த்திய தமிழ் மரபு, அதன்பொருட்டு நற்றாயை மறைத்துவிடவில்லை. இருவருக்கும் தனித்தனிப் பெயரும் இடமும் தந்தது.

இந்நோக்கோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இளமையைக் காண்போம். பிறப்பதற்கு முன்பே தந்தையையும், ஆறாம் வயதில் அன்னையையும், எட்டாம் வயதில் பாட்டனாரையும் இழந்தவர்கள் அவர்கள். பின்னர்ப் பெரிய தந்தையார் அபூதாலிப் இல்லத்தில் வளர்ந்தார்கள். பாலூட்டிய அலிமாவின் சிறப்பினைப் பாட, உமறுப்புலவர் சீறாப்புராணத்து விலாதத்துக் காண்டத்தில் 'அலிமா முலையூட்டுப் படலம்' எனத் தனிப்படலமே அமைத்தார். பிற்காலத்தில் தம்மைக் காணவந்த பால்குடித் தாய்க்கு நாயகம் அவர்கள் தம் மேலாடையை விரித்து அமரச் செய்ததாக வரலாறு கூறும். ஆயினும் அவர்கள் என்றும் அப்துல்லாஹ்வின் மகனாரே.

விலக்கப்பட்டது எது?

அரபு நாட்டில் இஸ்லாத்திற்கு முன் 'தபன்னீ' என்னும் தத்து முறை இருந்தது. எடுத்த பிள்ளை எடுத்தவரின் பெயரால் அழைக்கப்படும்; பெற்ற மகனுக்குரிய உரிமை யாவும் பெறும். அடிமையாக விற்கப்பட்ட ஜைதை நாயகம் அவர்கள் விடுவித்து மகனாக ஏற்றபோது, அவர் 'முஹம்மதின் மகன் ஜைது' என வழங்கப்பெற்றார். தந்தை ஹாரிதா தேடிவந்து அழைத்தும் உடன் செல்லாமல், நாயகம் அவர்களிடமே தங்கியவர் அவர். பின்னர் மதீனாவில் திருக்குர்ஆனின் 33ஆம் அத்தியாயம், 4, 5 ஆம் வசனங்கள் அருளப்பெற்றன. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைக்க வேண்டும். தந்தையர் யாரெனத் தெரியாவிடில் அவர்கள் மார்க்கச் சகோதரர்களும் நேசர்களும் ஆவர் என்பது அவற்றின் கருத்து. ஜைது (ரலி) மீண்டும் ஹாரிதாவின் மகனானார்.

பெயர் மாறியது, அன்பு மாறவில்லை. முஃதா போருக்கு முதற்படைத்தலைவராக நியமிக்கப்பட்டவர் அந்த ஜைதே. நபித்தோழருள் திருமறை பெயர் சுட்டிக் கூறுபவரும் அவர் ஒருவரே.

மற்றொரு சான்றும் உண்டு. கைம்பெண்ணாயிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்களை நாயகம் அவர்கள் மணந்தபோது, அவர்தம் முந்தைய மணத்துப் பிள்ளைகளும் நபியில்லத்தில் வளர்ந்தனர். அவருள் உமர் என்னும் சிறுவருக்கு, வலக்கையால் உண்ணவும் தட்டில் தமக்கு அருகிலிருப்பதை எடுக்கவும் நாயகம் அவர்களே கற்பித்தார்கள். அச்சிறுவர் வரலாற்றில் 'அபூஸலமாவின் மகன் உமர்' என்றே நிற்கிறார். உணவும் ஒழுக்கமும் அன்பும் ஓரில்லத்தில் கிடைக்கலாம். வழிமரபு வேறோரிடத்தைச் சேரலாம். இதுவே 'கஃபாலா' எனப்படும் பொறுப்பேற்பு. 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கை, குடும்பச் சூழலை இழந்த குழந்தைகளுக்குரிய மாற்றுப் பராமரிப்பு முறைகளுள் ஒன்றாக 20ஆம் பிரிவில் கஃபாலாவைப் பெயர் சுட்டி ஏற்றுள்ளது.

நடைமுறை ஐயங்கள்

வளர்ப்புப் பிள்ளை வாரிசாகாது எனின் அதன் எதிர்காலம் என்னாகும்? மார்க்கம் இதற்கு வழியடைக்கவில்லை. வாழ்நாளிலேயே 'ஹிபா' என்னும் கொடையாகச் சொத்தினை வழங்கி ஒப்படைக்கலாம். வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை 'வஸிய்யத்' எழுதலாம்.

பருவமெய்தியபின் இல்லத்தில் உறவுமுறை எவ்வாறு அமையும் என்பது அடுத்த ஐயம். இரண்டு வயதிற்குள் பாலூட்டினால் பால்குடி உறவு ஏற்பட்டு, அக்குழந்தை திருமணம் விலக்கப்பட்ட உறவாகிவிடும். ஷாபிஈ சட்டவழியில் இதற்கு ஐந்து முறை ஊட்டுதல் வேண்டும். வளர்ப்புத் தாய்க்கு இயலாவிடில் அவர்தம் சகோதரியோ, வளர்ப்புத் தந்தையின் சகோதரியோ ஊட்டினும் வேண்டிய உறவு அமையும்.

மறைத்து வளர்ப்பதன் துயரம் நிகாஹ் வேளையில் வெளிப்படுகிறது. பதிவேட்டில் தந்தை பெயர் எழுதும்போதும், மகளுக்கு வலீ யார் என வினவும்போதும் பிள்ளை தன் பிறப்பை முதன்முதலாக அறிய நேர்ந்தால், இருபதாண்டு அன்பும் அன்று ஐயத்திற்குள்ளாகும். விவரமறியும் பருவத்திலேயே பக்குவமாகச் சொல்லி வளர்ப்பதே அருளும் அறிவும் ஆகும்.

நாட்டுச் சட்டம்

1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் சீவனாம்சச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தின் மூலம் காப்பாளராகலாம். 2014 பிப்ரவரி 19 அன்று, தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற ஆயம், எம்மதத்தவரும் இளைஞர் நீதிச் சட்டத்தின்வழித் தத்தெடுக்கலாம் எனவும், எவரையும் அது கட்டாயப்படுத்தவில்லை எனவும் தீர்ப்பளித்தது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படித் தத்தெடுக்கப்படும் குழந்தை எடுத்தவரின் குழந்தையாகவே கருதப்படும். வழிமரபைக் காக்க விழைவோர்க்கு, அதே சட்டத்தின் 44ஆம் பிரிவு குழந்தைகள் நலக் குழுவின் வழியாக வளர்ப்புப் பராமரிப்புக்கு இடமளிக்கிறது. ஆதரவற்ற குழந்தையை முறைப்படியன்றிக் கைக்குக் கை தத்து வாங்குதல், 80ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இல்லமும் விடுதியும்

மலபார்க் கிளர்ச்சியின் துயருக்குப்பின் 1922இல் கோழிக்கோட்டிலும், காலரா கொள்ளைநோயின்போது 1943இல் திரூரங்காடியிலும் எழுந்த யதீம்கானாக்கள் பல தலைமுறைப் பிள்ளைகளைக் காத்தன. திரூரங்காடியில் 1968இல் தோன்றிய கல்லூரியின் பெயரில் இன்றும் 'அநாதை இல்லம்' என்னும் சொல் இடம்பெற்றிருப்பது அத்தொண்டின் அடையாளமாகும். அப்பணியை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் 'யதீம்' என்னும் சொல் பருவமெய்துமுன் தந்தையை இழந்த பிள்ளையையே குறிக்கும். தாய் உயிரோடிருக்கும் யதீம்களும் உளர். வறுமையொன்றே காரணமாக அத்தகைய பிள்ளையை விடுதிக்கு அனுப்புவதைவிட, ஜமாஅத் பொதுநிதியிலிருந்து அத்தாய்க்கு மாதந்தோறும் உதவி அப்பிள்ளையைத் தாய்மடியிலேயே வளரச் செய்வது முதற்கடமை. தாயும் இல்லாத பிள்ளைக்கு உறவினர் இல்லம். அதுவும் இல்லையேல் சட்டப்படி மற்றொரு நல்லில்லம். எதுவும் வாய்க்காதபோதே விடுதி. இவ்வரிசையை நம் ஜமாஅத்துகள் கைக்கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

அநாதையைப் பொறுப்பேற்றவரும் தாமும் சுவனத்தில் இரு விரல்கள்போல் அணுகியிருப்போம் என நாயகம் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். மார்க்கம் விலக்கியது பெயரை மாற்றுதலையே; பிள்ளையை ஏற்றலை அன்று. பிறந்த பெயரோடு ஒரு பிள்ளை நம் வீட்டில் வளர இடமளிப்போமாயின், திருமறையின் ஆணையும் செவிலியைப் போற்றிய தமிழ் மரபும் ஒருங்கே நிறைவுறும்.