வீரிய ஒட்டு வெள்ளரியும் ஊர் விதையும்

பெங்களூரில் வாழும் நம்மவர் பலர் மொட்டைமாடியில் காய்கறி பயிரிட்டு வருகிறார்கள். அவர்களில் இருவர் அண்மையில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "கடையில் வாங்கிய ஹைபிரிட் வெள்ளரி நன்றாகக் காய்த்தது. அதில் ஒரு காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்து மறுமுறை போட்டால், ஒவ்வொரு கொடியும் ஒவ்வொரு விதமாகக் காய்க்கிறதே, ஏன்?"

இதற்கு விடை சொல்லும் முகமாக, வீரிய ஒட்டு வெள்ளரியை வளர்க்கும் முறையையும், அதன் அருகில் ஊர் விதையைக் கலப்பில்லாமல் காக்கும் முறையையும் இங்கே எழுதுகிறேன். இரண்டாவதை நான் ஓர் இழப்புக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

எது வெள்ளரி?

இங்குள்ள காய்கறி வண்டிக்காரர் "சௌத்தேகாய்" என்று கூவி விற்பதும், நம் ஊரில் வெள்ளரி, கக்கரி, வெள்ளரிப்பழம் என்று சொல்வதும் எல்லாம் ஒரே செடி அல்ல. தாவர நூலார் இவற்றை இரு இனங்களாகப் பிரிக்கிறார்கள். ஒன்று உண்மையான வெள்ளரி. அதன் உயிரணுவில் 14 குரோமோசோம்கள். மற்றது முலாம்பழத்தின் இனம்; அதற்கு 24. வெடித்ததும் வெல்லம் சேர்த்து உண்ணும் வெள்ளரிப்பழம், மலையாளிகள் விஷுவுக்கு வைக்கும் கணிவெள்ளரி, ஆந்திரத்துத் தோசைக்காய் ஆகியவை இரண்டாவது இனத்தைச் சேர்ந்தவை. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'அர்கா சீதல்' என்னும் நீண்ட கக்கரியும் அவ்வினமே. இவை உண்மை வெள்ளரியோடு கலக்க மாட்டா. எனவே முதலில் உங்கள் கையில் இருப்பது எது என்று பாருங்கள். வெள்ளரிப் பிஞ்சில் சிறு முள்ளும் பருவும் இருக்கும். இலை கூரிய மூலைகளோடு இருக்கும். முலாம்பழ இனத்தின் பிஞ்சு மென்மயிரோடும், இலை வட்டமாகவும் இருக்கும்.

வீரிய ஒட்டு என்றால் என்ன?

குணம் மாறாத இரு தூய வழிகளைத் தனித்தனியே பல தலைமுறை வளர்த்து, ஒன்றின் பெண் பூவில் மற்றதன் மகரந்தத்தைச் சேர்த்து எடுக்கும் விதையே வீரிய ஒட்டு விதை. அதில் முளைக்கும் கொடிகள் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். ஆனால் அவற்றின் விதையை எடுத்துப் போட்டால், தாய் வழியின் குணங்களும் தந்தை வழியின் குணங்களும் பிரிந்து, புதிது புதிதாகச் சேரும். ஒரு கொடி நீளக் காய், ஒன்று குட்டைக் காய், ஒன்று கசப்பு என்று ஆகிவிடும். இது விதைக்காரர் செய்த மோசமும் அன்று, உங்கள் வளர்ப்பின் குறையும் அன்று. அன்பர்கள் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

இந்தத் துறையில் நம் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. டாக்டர் மன்மோகன் அத்தாவர் 1965இல் இங்கே இந்தோ அமெரிக்கன் ஹைபிரிட் சீட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1973இல் அந்நிறுவனம் 'கர்நாடகா' என்னும் வீரிய ஒட்டுத் தக்காளியையும் 'பாரத்' என்னும் குடைமிளகாயையும் வெளியிட்டது.

ஊறுகாய்க்குரிய சிறு வெள்ளரியான கெர்கின் 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில்தான் ஏற்றுமதிக்காகப் பயிராகத் தொடங்கியது. பிறகு தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவியது. 2020-21இல் வெள்ளரியும் கெர்கினுமாக இந்தியா 2,23,515 டன் ஏற்றுமதி செய்தது. சுமார் 90,000 சிறு விவசாயிகள் ஒப்பந்த முறையில் இதைப் பயிரிடுவதாக அரசு அப்போது தெரிவித்தது. 90 நாள் பயிர். காய் ஒரே அளவாக இருந்தால்தான் விலை. அவர்களுக்கு ஒவ்வொரு போகத்துக்கும் புது வீரிய ஒட்டு விதை வாங்குவதே சரி.

கடையில் கிடைக்கும் வீரிய ஒட்டு வெள்ளரி மூன்று வகைப்படும். உறையைப் படித்தோ, கடைக்காரரைக் கேட்டோ வகையைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முதல் வகையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் வரும்.

இரண்டாம் வகையில் ஏறக்குறைய எல்லாமே பெண் பூக்கள். இந்தக் குணத்தைப் பயன்படுத்தி 1960களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வீரிய ஒட்டுக்களை உருவாக்கினார்கள். நம் நாட்டில் குல்லு பள்ளத்தாக்கின் கட்ராயின் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான 'பூசா சன்யோக்' ஜப்பானியப் பெண்பூ வழி ஒன்றின் வாரிசு. இவ்வகை உறையில் மகரந்தம் தருவதற்காகச் சில ஆண்பூக் கொடியின் விதைகளைக் கலந்து வைப்பதுண்டு. சில உறைகளில் அவை வேறு நிறச் சாயத்தில் இருக்கும். கெட்ட விதை என்று எறிந்துவிடாதீர்கள். எறிந்தால் பிஞ்செல்லாம் வெம்பி உதிரும்.

மூன்றாம் வகை மகரந்தமே இல்லாமல் காய்ப்பது. பசுமைக்குடில்களில் வளர்ப்பது பெரும்பாலும் இதைத்தான். தேனீ குறைந்த மாடிகளுக்கு இதுவே ஏற்றது.

விதைப்பும் வளர்ப்பும்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் வெள்ளரி சரியாக முளைக்காது. ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை ஒரு பருவம், ஜூன், ஜூலை ஒரு பருவம்.

15 முதல் 20 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒரு கொடிக்குப் போதும். செம்மண், மக்கிய தொழு உரம், கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவு கலந்து நிரப்புங்கள். அடியில் துளை இருக்கட்டும். இரண்டு விதைகளை இரண்டு செண்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். வித்திலைகளுக்கு மேல் இரண்டு இலை விட்டதும் நல்ல நாற்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் வேர் அசையும். சணல் கயிறு கட்டிக் கொடியை மேலே ஏற்றுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கை மண்புழு உரம் போதும். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் கொழிக்கும்.

கொடியில் முதல் பத்து நாள் ஆண் பூவே பூத்தால் கவலை வேண்டாம். முதல் வகைக்கு அது இயல்பு. வெயிலும் பகல் நீளமும் மிகுந்தால் ஆண் பூ கூடும். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு தெரியும். பூ ஒரு நாளே விரிந்திருக்கும். அதற்குள் தேனீக்கள் பலமுறை வந்து போனால்தான் காய் கோணாமல் பருக்கும். தேனீ வராவிட்டால் காலை ஒன்பது மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள்.

விதைத்த 40, 45 நாளில் காய் பறிக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். ஒரு காயை முற்றவிட்டால் கொடி, தன் வேலை முடிந்தது என்று புதுப் பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

கசப்பும் நோயும்

கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டசின் என்னும் பொருள். வெயிலில் கொடி நீருக்கு ஏங்கும்போது அது மிகும். காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும் சேரும். நம் வீட்டுப் பெண்கள் காம்பு முனையை அரிந்து எறிவது சரியான வழக்கமே. தினமும் தவறாமல் தண்ணீர், வேரின் மேல் சருகு மூடாக்கு, இவை இருந்தால் கசப்பு குறையும். கடுங்கசப்பான காயை உண்ண வேண்டாம்.

மழைக்காலத்தில் இலையின் மேல் மஞ்சள் கட்டங்கள் தோன்றினால் அது அடிச்சாம்பல் நோய். நோயுற்ற இலைகளை அகற்றி, காற்றோட்டம் கொடுத்து, இலை நனையாமல் வேரில் மட்டும் நீர் ஊற்றுங்கள். பழ ஈ குத்திய பிஞ்சுகளைத் தொட்டியிலேயே விட்டுவிடாமல் பொறுக்கி, உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

நான் இழந்த விதை

என் தாயார் செய்யாற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தபோது, பழைய வேட்டித் துணியில் முடிந்து நாட்டு வெள்ளரி விதை கொண்டு வந்தார். வெளிர்பச்சையில் வெண்கோடு போட்ட குட்டைக் காய். நான்கு தொட்டியில் அதையும், பக்கத்து நான்கு தொட்டியில் ஆண் பூவும் பெண் பூவும் வரும் வீரிய ஒட்டையும் ஒரே நாளில் விதைத்தேன். இரண்டும் சேர்ந்து பூத்தன. ஊர்க் கொடியில் ஊர்க் காயே காய்த்தது. மகிழ்ச்சியோடு ஒன்றைப் பழுக்கவிட்டு விதை எடுத்தேன்.

மறுவருடம் விளைந்தது வேறு. சில கரும்பச்சை, சில நீளம், சில கசப்பு. தாயார் ஒன்றை அரிந்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "காய் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம காய் இல்லடா" என்றார்.

நான் ஏமாந்த இடம் இதுதான். கலப்பு நடந்த வருடம் காயில் எதுவும் தெரியாது. காயின் சதை தாய்க் கொடியுடையது. தேனீ கொண்டு வந்த மகரந்தத்தின் வேலை உள்ளே இருக்கும் விதையில் மட்டுமே நடக்கிறது. அடுத்த தலைமுறையில்தான் வெளிப்படும். முதல் விதை முழுவதையும் நான் ஊன்றித் தீர்த்திருந்தேன். ஊரிலும் நிலத்தை விற்றாகிவிட்டது. கேட்டு வாங்க ஆள் இல்லை.

ஆரணியில் இருக்கும் அக்காவுக்குத் தாயார் எப்போதோ கொஞ்சம் கொடுத்திருந்தார். அக்காவின் பரணில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில், சாம்பலில் புரட்டிய பத்தொன்பது விதைகள் இருந்தன. ஏழு முளைத்தன. ஐந்து கொடிகள் தேறின. இன்று என்னிடம் இருப்பது அந்த ஐந்தின் வழி.

ஊர் விதையைக் காக்கும் முறை

அரசின் விதைச் சான்றளிப்பு விதிப்படி, வெள்ளரி இரகங்களுக்கிடையே சான்று விதைக்கு 500 மீட்டரும், ஆதார விதைக்கு 1000 மீட்டரும் இடைவெளி வேண்டும். மாடியில் இது நடவாத காரியம். பக்கத்து மாடியிலிருந்தும் தேனீ வரும். எனவே பூவைக் காக்க வேண்டும்.

மறுநாள் விரியவிருக்கும் மொட்டின் நுனி மாலையில் மஞ்சளாகத் தெரியும். ஊர்க் கொடிகளில் அப்படிப்பட்ட பெண் மொட்டையும், வேறொரு ஊர்க் கொடியில் இரண்டு மூன்று ஆண் மொட்டுகளையும் நுனியில் நூலால் மெல்லக் கட்டிவிடுங்கள். காலையில் நூலை அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, உடனே மீண்டும் கட்டுங்கள். காம்பில் வண்ண நூல் ஒன்றை அடையாளமாகச் சுற்றுங்கள். அந்தக் கொடியின் மற்றக் காய்களைப் பிஞ்சிலேயே பறித்துவிடுங்கள்.

அடையாளமிட்ட காய் நிறம் மாறி நன்கு பழுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். விதையைச் சதையோடு வழித்து ஒன்றிரண்டு நாள் புளிக்கவைத்து, கழுவி, மிதப்பதை நீக்கி, அடியில் தங்கியதை நிழலில் உலர்த்துங்கள். முடிந்தால் ஐந்தாறு கொடிகளிலிருந்து எடுத்துக் கலந்து வையுங்கள். வீரிய ஒட்டை ஒன்றரை மாதம் முன்னோ பின்னோ விதைத்தால் இரண்டும் சேர்ந்து பூக்கும் நாட்கள் குறையும்.

நான் இன்றும் இரண்டையும் வளர்க்கிறேன். அன்றாடக் கறிக்கு வீரிய ஒட்டு. அதன் விளைச்சலை ஊர் வெள்ளரி தராது. ஆனால் வீரிய ஒட்டு விதை தீர்ந்தால் கடையில் கிடைக்கும். ஊர் விதை தீர்ந்தால் எங்கும் கிடைக்காது. ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள்: ஊரிலிருந்து வந்த எந்த விதையையும் ஒரே வருடத்தில் முழுவதும் ஊன்றாதீர்கள். பாதியை உலர்ந்த பாட்டிலில் வையுங்கள். ஒரு பங்கை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுங்கள். உறையின் மேல் ஊரின் பெயர், வருடம், கொடுத்தவர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். அக்காவின் பாட்டிலில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. அது என்ன விதை என்று அடையாளம் சொல்ல அன்று தாயார் இருந்தார்.