காய்கறிச் சாகுபடியில் புதியவர்கள் செய்யும் தவறுகள்



நெல்லையும் நிலக்கடலையையும் மட்டுமே பயிரிட்டு வந்த பல குடும்பங்கள் இப்பொழுது கிணற்றடியிலும் ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்திலும் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று காய்கறி பயிரிட முன்வருகின்றன. அறுவடைக்கு நான்கு மாதம் காத்திராமல் வாரந்தோறும் கையில் பணம் புழங்கும் என்பதே இதற்குக் காரணம். எண்ணம் சரியானதே. ஆயினும், முதன்முறை பயிரிடுவோரில் பலர் போட்ட முதலைக்கூட எடுக்க முடியாமல், "காய்கறி நமக்கு ஒத்துவராது" என்று கைவிட்டு விடுகின்றனர். அவர்களிடம் உழைப்பில் குறை இருப்பதாக நான் கண்டதில்லை. உண்மையைச் சொல்லப்போனால், நல்ல நெல் உழவர்களாக இருப்பதே அவர்களுக்குத் தடையாகி விடுகிறது. நெல்லுக்குச் செய்து பழகிய கை, அதே வேலைகளைத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் செய்துவிடுகிறது.

இதை எழுதும் நானும் இதற்கு விலக்கல்லன். உழவியலில் மேற்பட்டம் பெற்று வந்த புதிதில், சம்பா அறுவடை முடிந்த எங்கள் வயலில் 25 சென்ட் மிளகாய் நட்டோம். களிமண் பூமி. நட்ட இரண்டாம் வாரம் ஒருநாள் பிற்பகலில் செடிகள் தலை கவிழ்ந்து நின்றன. அப்பா பார்த்துவிட்டு, "தண்ணி பத்தலேப்பா, மடையத் தொறந்து வுடு" என்றார். கையில் பட்டம் இருந்தும் நானும் மடையைத் திறந்துவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் பழுப்பேறி, பட்டை உரிந்து நாற்றமடித்தது. செடிகள் வாடியது நீர் மிகுந்து போனதால். அதற்கு நாங்கள் செய்த மருத்துவம் இன்னும் ஒரு பாய்ச்சல் நீர்!

நீர்

நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்றுச் செல்லும் இடைவெளிகள் இயற்கையாகவே அமைந்துள்ளன. இலை வழியே புகும் காற்று அவற்றின் மூலம் வேருக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே, தேங்கிய நீரிலும் நெல் செழித்து நிற்கிறது. மிளகாய், தக்காளி, கத்தரி ஆகியவற்றுக்கு இந்த வசதி இல்லை. அவற்றின் வேர்கள் மண் துகள்களுக்கு இடையேயுள்ள காற்றையே சுவாசிக்கின்றன. அந்த இடைவெளிகளை நீர் நிரப்பிவிட்டால் வேர் மூச்சு முட்டும். மூச்சு முட்டிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. எனவே, காலடியில் நீர் நிற்கும்போதே செடி வாடுகிறது. இந்த வாட்டத்தைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது.

செடி வாடினால் முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வேர்ப் பகுதியில் நான்கு விரற்கடை ஆழத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் அழுத்துங்கள். உருண்டையாகப் பிடித்து, விரலில் பிசுபிசுவென ஒட்டினால் நீர் தேவையில்லை. உருண்டை பிடித்தாலும் தட்டியவுடன் உதிர்ந்தால் பாய்ச்சலாம். நடவன்று ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அதன்பின் ஏறக்குறைய வாரம் ஒருமுறை என்பது பொது முறை. ஆனால் களிமண்ணும் செம்மண்ணும் ஒன்றல்ல. கோடையும் கார்த்திகையும் ஒன்றல்ல. நாள்காட்டியைவிட மண் உருண்டையை நம்புவதே நல்லது.

சேற்றுழவு செய்த வயலில் வேறொரு தொல்லையும் உண்டு. ஆண்டுதோறும் தொளி கலக்கியதால் மேல்மண்ணின் கட்டமைப்பு சிதைந்து, அடியில் இறுகிய அடுக்கு ஒன்று உண்டாகியிருக்கும். நெல்லுக்கு நீரைத் தாங்கி நின்ற அந்த அடுக்கே காய்கறிக்கு நீர் வடியாமல் தடுக்கிறது. எனவே, சமப்பாத்தியில் நடுதல் கூடாது. ஈரம் பதமாக இருக்கும்போது ஆழ உழுது, பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் நட வேண்டும். வயலைச் சுற்றிலும் சாலைவிட ஆழமான வடிகால் ஒன்று எடுத்து, அது வெளியே வடியும் வழியையும் முன்னரே வெட்டிவிட வேண்டும். மழை பெய்த பிறகு மண்வெட்டியைத் தேடுவதில் பயனில்லை.

நீரைக் குறைக்கச் சொன்னதும், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுவோரும் உளர். அதுவும் தவறே. நன்றாகக் காய்ந்தபின் திடீரென்று நிறைய நீர் கிடைத்தால் தக்காளிப் பழம் வெடிக்கும். காயின் அடிப்புறம் கருத்து அமுங்குவதற்கும் ஒழுங்கற்ற நீர்ப்பாய்ச்சலே பெரும்பாலும் காரணம். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் அது காயைச் சென்றடைவதில்லை. இதை நோய் என்று எண்ணிப் பூசணக்கொல்லி தெளிப்பது வீண் செலவு.

நாற்றங்கால்

நெல்லுக்கு ஏக்கருக்கு 24 கிலோ விதையும் 8 சென்ட் நாற்றங்காலும் என்று கணக்கிட்டுப் பழகியவர்களுக்குக் காய்கறி விதையின் அளவு நம்பும்படியாக இருப்பதில்லை. தக்காளி ரகங்களுக்கு ஏக்கருக்கு 140 கிராம் விதை போதும். நாற்றங்கால் ஒரு சென்ட் இருந்தால் போதுமானது. கத்தரிக்கு 160 கிராம், மிளகாய்க்கு 400 கிராம். வீரிய ஒட்டு விதைகளுக்கு இதிலும் குறைவே. "இவ்வளவுதானா?" என்று ஐயுற்று இருமடங்கு வாங்கி, அதையும் நெல்லைப் போல் கை வீச்சில் தூவிவிடுகின்றனர். நெருங்கி முளைத்த நாற்றுகளிடையே காற்றோட்டம் இராது. மாலையிலும் நீர் தெளித்து ஈரமாகவே வைத்தால் நாற்றழுகல் நோய் புகுந்து, காலையில் பார்க்கும்போது வட்ட வட்டமாக நாற்றுகள் மடிந்து கிடக்கும்.

ஒரு மீட்டர் அகலத்தில், தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் மேட்டுப்பாத்தி அமைக்கவும். விதையை டிரைக்கோடெர்மா விரிடி பூசணத்துடன் கிலோவுக்கு 4 கிராம் வீதம் கலந்து நேர்த்தி செய்யவும். பிறகு 10 செ.மீ. இடைவெளியில் கோடு கிழித்து, கோட்டில் பரவலாக விதைத்து, மணலால் மெல்ல மூடவும். பூவாளியால் நீர் ஊற்றவும். மேலே பரப்பிய வைக்கோலை முளை தெரிந்தவுடன் எடுத்துவிட வேண்டும். "இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும்" என்று விட்டால் நாற்று வெளிச்சத்தைத் தேடி நூல்போல் நீண்டுவிடும். வெள்ளை ஈ புகாதபடி நாற்றங்காலின் மேல் நைலான் வலை கட்டுவது நல்லது. தக்காளியில் இலைச்சுருள் நச்சுயிரியைப் பரப்புவது இந்த ஈதான். நாற்றங்காலிலேயே நோய் ஏறிய செடி, பிறகு எவ்வளவு போற்றினாலும் ஒழுங்காகக் காய்க்காது.

நாற்றைப் பறிக்கும் முறையிலும் பழைய பழக்கம் தலைகாட்டும். நெல் நாற்றைக் கொத்தாகப் பிடுங்கி, காலில் தட்டி, மண்ணை உதறி, முடி கட்டி, மறுநாள் நட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும். தக்காளி நாற்றை அவ்வாறு செய்தால் பாதிக்கு மேல் போய்விடும். பறிக்கும் முன் நான்கைந்து நாள்கள் நீரைக் குறைத்து நாற்றைக் கடினப்படுத்தவும். பறிக்கும் நாளில் நனைத்து, கரண்டியால் நெம்பி, வேரில் மண்ணோடு எடுக்கவும். வெயில் தாழ்ந்தபின் நடவும். தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 நாள் என்பது நாற்றின் வயது. ஆள் கிடைக்கவில்லை என்று 50 நாள் தக்காளி நாற்றை நடுவதைவிட, மீண்டும் விதை விடுவது மேல்.

பச்சை நிறத்தின் மயக்கம்

வயல் கருகருவென்று பச்சையாக நின்றால் நெல் உழவர் மனம் குளிரும். காய்கறித் தோட்டத்தில் அந்த நிறத்தைக் கண்டு அஞ்ச வேண்டும். தழைச்சத்து மிகுந்த செடி இலையும் கொம்புமாக வளரும்; பூ தள்ளிப்போகும்; அசுவினியும் வெள்ளை ஈயும் மொய்க்கும். தக்காளி ரகங்களுக்கு ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழு உரத்துடன், அடியுரமாக யூரியா 65 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 250 கிலோ, பொட்டாஷ் 33 கிலோ இட்டு, நட்ட 30-ஆம் நாள் இன்னும் 65 கிலோ யூரியாவை மேலுரமாக இட்டு மண் அணைக்க வேண்டும். மண் பரிசோதனை செய்திருந்தால் அந்த முடிவின்படியே இடவும். மழைக்கு ஒருமுறை, பூவுக்கு ஒருமுறை என்று யூரியாவைத் தூவிக்கொண்டே இருத்தல் கூடாது. மக்காத சாணத்தைக் கொட்டினால் வேர்ப்புழுவையும் கறையானையும் விருந்துக்கு அழைத்தது போலாகும்.

விலையைப் பார்த்து நடுதல்

2023-ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி சென்னையில் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் விற்றது நினைவிருக்கும். அதைக் கண்டு அப்பொழுது விதை வாங்கப் போனவர்கள் பலர். நாற்றங்காலில் 25 நாள், வயலில் முதற் பறிப்புக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் என்று கூட்டினால், அன்று விதைத்தவருக்குக் காய் வந்தது மூன்று மாதம் கழித்து. அதற்கு முன்பே, செப்டம்பருக்குள் விலை சரிந்துவிட்டது. இன்று சந்தையில் இருக்கும் விலை மூன்று மாதத்திற்கு முன் நட்டவருக்கு உரியது. உங்களுக்கு உரிய விலை இன்னும் பிறக்கவில்லை.

இந்த இழப்பைத் தாங்கும் வழி, முதல் ஆண்டில் பரப்பைக் குறைப்பதுதான். நெல்லைப் போல் ஓர் ஏக்கரை ஒரே நாளில் நட்டால், எல்லாக் காயும் ஒரே வாரத்தில் பழுக்கும். நெல்லை மூட்டை கட்டி விலை வரும்வரை வைத்திருக்கலாம். பழுத்த தக்காளி உங்களுக்காகக் காத்திராது. பறிகூலி, வண்டி வாடகை, தரகு எல்லாம் போனால் கையில் ஒன்றும் நில்லாமல், பழத்தைச் செடியிலேயே விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நகையை அடகு வைத்து நட்ட தோட்டமாக அது இருந்தால், அந்த வீட்டில் அதன்பின் காய்கறிப் பேச்சே எழாது. அரை ஏக்கர் இருப்பின், அதை மூன்றாகப் பிரித்து, 20 நாள் இடைவெளியில் நடவும். இரண்டு பயிராக இருப்பின் இன்னும் நல்லது. பறிக்க வீட்டில் எத்தனை கை இருக்கின்றன என்பதையும் எண்ணிக்கொள்ளவும். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் காய் முற்றி நார் ஏறிவிடும். திருமணத்துக்குப் போய்வந்த நான்கு நாளில் பாதிக் காய் மாட்டுக்குத்தான். 1999-இல் மதுரையில் முதலில் தொடங்கிய உழவர் சந்தை இன்று பல ஊர்களில் உள்ளது. சிறு அளவில் பயிரிடுவோர் அடையாள அட்டை பெற்று அங்கே நேரடியாக விற்கலாம்.

மருந்து

புழுவைக் காணும் முன்பே வாரம் ஒருமுறை தெளிப்பதும், கடையில் கொடுத்த இரண்டு மூன்று மருந்துகளை ஒரே தொட்டியில் கலப்பதும் பெருகிவிட்டன. இதனால் நன்மை செய்யும் பூச்சிகளே முதலில் மடிகின்றன. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் திரும்பத் திரும்பத் தெளித்த தோட்டங்களில் வெள்ளை ஈயும் சிலந்திப் பேனும் முன்னைவிடப் பெருகுவதைக் காணலாம்.

கத்தரியில் குருத்து வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய இடத்திற்குச் சற்றுக் கீழே கிள்ளி எடுத்து எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். பலர் கிள்ளி வரப்பில் எறிந்துவிடுகின்றனர். புழு அங்கேயே கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாகத் திரும்பி வந்துவிடும். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். தக்காளியில் 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நட்டால் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அந்தப் பூவில் முட்டையிடும். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டுமாகையால், செண்டுமல்லி நாற்றுக்கு 45 நாளும் தக்காளி நாற்றுக்கு 25 நாளும் வயது இருக்க வேண்டும். வெண்டையில் மஞ்சள் நரம்பு நோய் கண்ட செடியை, காய் இருக்கிறதே என்று பாராமல் பிடுங்கிவிடவும். தொடக்க நிலையில் 5 சத வேப்பங்கொட்டைச் சாறே போதும். 10 லிட்டர் தெளிப்புக்கு அரைக் கிலோ பருப்பை இடித்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவும்.

மருந்து அடித்தே தீரவேண்டும் என்ற நிலை வந்தால், புட்டியில் முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்துவது 2005-லேயே தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானுக்கு 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். நெல்லில் கடைசி மருந்துக்கும் சோற்றுக்கும் இடையே பல வாரங்கள் உள்ளன. வெண்டையில் இன்று தெளித்தது நாளை மறுநாள் குழம்பில் இருக்கும். காயைப் பறித்துவிட்டுத் தெளிப்பதும், குறித்த நாள் கழியும்வரை அடுத்த பறிப்பை நிறுத்துவதும் கட்டாயம். இடையில் முற்றிய காய் போனால் போகட்டும்.

நெல் உழவருக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். இவற்றை ஒரே நிலத்தில் மாறி மாறி நட்டால் வேர்முடிச்சு நூற்புழு பெருகும். வெண்டையையும் அது விடாது. நீர் கட்டி நெல் விளைந்த வயலில் இந்த நூற்புழு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எனவே நெல்லும் காய்கறியும் மாறி மாறி வருமாறு அமைத்துக்கொள்ளவும்.

இந்தப் பட்டத்தில் முதன்முறையாகத் தொடங்குவோர் 10 சென்ட் வெண்டையில் தொடங்கலாம். நாற்றங்கால் வேலை இல்லை. 45 நாளில் முதற் பறிப்பு வந்துவிடும். ரகமாயின் 320 கிராம் விதை போதும். வடிகால் வெட்டி, பார் பிடித்தபின், வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இருக்கும்படி குழிக்கு இரண்டு விதை ஊன்றி, பத்தாம் நாள் நல்ல செடி ஒன்றை விட்டு மற்றதைக் களைந்துவிடவும்.