ஆங்கிலக் கடிதத்தில் பிழையா? வேர்ட் காட்டும் தவறுகளும் காட்டாத தவறுகளும்

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையை விளைவிக்கும் கம்பம் விவசாயியாக இருக்கலாம். ஏலக்காய் மின் ஏலம் நடக்கும் போடிநாயக்கனூரில் வியாபாரம் செய்பவராக இருக்கலாம். தேனியில் படிப்பை முடித்து வேலை தேடுபவராகவும் இருக்கலாம். எல்லோருக்கும் ஒருநாள் ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. எம்.எஸ். வேர்டில் டைப் செய்தால் தவறுகளை அதுவே காட்டிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை.

முதலில் வேர்டைத் தயார் செய்வோம்

1. கன்ட்ரோல் + ஏ அழுத்திக் கடிதம் முழுவதையும் தேர்வு செய்யுங்கள்.

2. ரிவியூ டேபில் லாங்குவேஜ் என்பதை கிளிக் செய்து, செட் புரூஃபிங் லாங்குவேஜ் செல்லுங்கள். இங்கிலீஷ் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். அதே பாக்ஸில் 'டூ நாட் செக் ஸ்பெல்லிங் ஆர் கிராமர்' என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

3. இப்போது எஃப்7 கீயை அழுத்துங்கள். சிவப்புக் கோடு எழுத்துப்பிழை. நீலக் கோடு இலக்கணப் பிழை. வேர்ட் 2010 வரை இது பச்சை நிறத்தில் இருந்தது.

நாம் அடிக்கடி செய்யும் தவறுகள்

தவறு: ஐ டிட் நாட் ரிசீவ்டு தி பேமென்ட்.
சரி: ஐ டிட் நாட் ரிசீவ் தி பேமென்ட்.
'டிட்' என்பதிலேயே இறந்தகாலம் வந்துவிட்டது. வினைச்சொல் மீண்டும் மாறக்கூடாது.

தவறு: ஒன் ஆஃப் மை கஸ்டமர்.
சரி: ஒன் ஆஃப் மை கஸ்டமர்ஸ்.
பலரில் ஒருவர் என்பதால் பன்மை தேவை.

தவறு: ஐ ஆம் ஹேவிங் டூ ஏக்கர்ஸ்.
சரி: ஐ ஹேவ் டூ ஏக்கர்ஸ்.
'வைத்துக்கொண்டிருக்கிறேன்' என்று தமிழில் நினைத்து எழுதுவதால் வருவது இது. சொந்தமாக இருப்பதைச் சொல்ல 'ஹேவ்' போதும்.

தவறு: தி டிரெயின் இஸ் ரன்னிங் டு போடி ஃப்ரம் 2023.
சரி: தி டிரெயின் ஹேஸ் பீன் ரன்னிங் டு போடி சின்ஸ் 2023.
போடிக்கு 2023 ஜூனில் மீண்டும் ரயில் வந்தது, இன்றும் ஓடுகிறது. முன்பு தொடங்கி இன்னும் தொடர்வதற்கு 'ஹேஸ் பீன்', 'சின்ஸ்' இரண்டும் வேண்டும்.

முதல் இரண்டையும் வேர்ட் பெரும்பாலும் பிடித்துவிடும். அடுத்த இரண்டும் பல நேரங்களில் தப்பிவிடும்.

கோடு விழாத தவறுகள்

'வி ஹேவ் நவ் ரிசீவ்டு தி பேமென்ட்' என்றால் பணம் வந்துவிட்டது. 'நவ்' என்பதன் கடைசி எழுத்து மாறி 'நாட்' ஆகிவிட்டால் பணம் வரவில்லை! இரண்டும் சரியான ஆங்கிலமே. அதனால் எந்தக் கோடும் விழாது. பணம் அனுப்பியவர் என்ன நினைப்பார்?

சந்தேகம் கேட்க நாம் 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் பேமென்ட்' என்று எழுதுகிறோம். லண்டன் வியாபாரிக்கு அது 'உங்கள் மீது நம்பிக்கையில்லை' என்பதுபோல் படலாம். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று எழுதுங்கள்.

எனவே அனுப்பும் முன் ரிவியூ டேபில் உள்ள ரீட் அலவுட் வசதியை கிளிக் செய்து ஒருமுறை கேளுங்கள். கண்ணுக்குத் தப்பியது காதில் சிக்கும்.

பயிற்சி

1. ஹி டிட் நாட் கேம். 2. ஐ ஆம் நோயிங் தமிழ். 3. ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட் இஸ் இன் கூடலூர்.

விடை: 1. கம். 2. ஐ நோ. 3. ஃபிரெண்ட்ஸ்.