டிராக்டர் பாட்டரியில் கேபிள் மாட்டும் முறை

உழவு நேரத்தில் டிராக்டர் கிளம்பாவிட்டால் பாட்டரியைக் கழற்றி, சார்ஜ் செய்து, மீண்டும் மாட்டுகிறோம். அந்த அவசரத்தில் எந்தக் கேபிள் முதலில் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பாட்டரி 12 வோல்ட்தான்; தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் இரு முனைகளும் ஸ்பானரால் இணைந்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாயும். ஸ்பானர் பழுக்கக் காய்ந்து கையைப் பொசுக்கும்.

முனைகளை அறிதல்

+ குறி நேர்முனை. – குறி எதிர்முனை. குறி அழிந்திருந்தால், பருமனான தண்டே நேர்முனை. டிராக்டரின் இரும்புச் சட்டத்துடன் இணைந்த கேபிளே 'எர்த்'. இது பெரும்பாலும் எதிர்முனையில் இருக்கும். சில பழைய டிராக்டர்களில் நேர்முனையில் இருக்கும். ஆகவே, கேபிள் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

வரிசை முறை

1. என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்து விடவும். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைக்கவும்.
2. கழற்றும்போது எர்த் கேபிளை முதலில் கழற்றவும்.
3. மாட்டும்போது எர்த் கேபிளைக் கடைசியில் மாட்டவும்.

காரணம் என்ன? எர்த் மாட்டியிருக்கையில் மற்ற முனையைத் திருகும் ஸ்பானர் சட்டத்தில் பட்டால், மின்சாரம் அதன் வழியே பாய்ந்து தீப்பொறி பறக்கும். எர்த் கழன்றிருந்தால் ஸ்பானர் சட்டத்தில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

பொறி ஏன் ஆபத்து?

சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. ஒரு சிறு பொறி பட்டாலும் அது வெடிக்கும். பாட்டரி உடைந்து அமிலம் முகத்தில் தெறிக்கும். எனவே காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். அருகில் பீடி, தீக்குச்சி, விளக்கு கூடாது. இரவில் டார்ச் விளக்கைப் பயன்படுத்தலாம்.

வேறு டிராக்டரிலிருந்து இணைப்பு எடுத்தல்

இரண்டும் 12 வோல்ட்டாகவும், இரண்டிலும் எதிர்முனையே எர்த்தாகவும் இருக்க வேண்டும். முதலில் நேர்முனைகள் இரண்டையும் ஒரு கேபிளால் இணைக்கவும். இரண்டாவது கேபிளின் ஒரு நுனியை நல்ல பாட்டரியின் எதிர்முனையில் மாட்டவும். மறுநுனியை, கிளம்பாத டிராக்டரின் என்ஜினில், பாட்டரிக்குத் தள்ளி, பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியில் மாட்டவும். கடைசி இணைப்பில் எழும் பொறி வாயுவுக்கு எட்டாது.

பராமரிப்பு

முனைகளில் பூத்திருக்கும் உப்பைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவவும். கரைசல் பாட்டரிக்குள் போகாதபடி மூடிகளை இறுக மூடியிருக்க வேண்டும். நன்கு துடைத்து, கேபிளை இறுக்கியபின் வாசலின் தடவவும்.

அமிலம் கண்ணில் பட்டால் உடனே சுத்தமான நீரால் 15 நிமிடங்களுக்குக் குறையாமல் கழுவி, மருத்துவரிடம் செல்லவும்.

'கழற்றுகையில் எர்த் முதலில். மாட்டுகையில் எர்த் கடைசியில்' என்பதை டிராக்டர் ஓட்டும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.