லாரி இல்லாத சாலைகள்

கேள்வி: பிரான்சின் கிராமப்புறத்தை ரோடு சைக்கிளில் சுற்றிப் பார்க்க ஆசை. வாகன நெரிசல் இல்லாத வழி எது?

பதில்: பலரும் லுவார் நதிக்கரைப் பாதையைத்தான் சொல்வார்கள். சுமார் 900 கிலோமீட்டர், நல்ல பாதைதான். ஆனால் கோடையில் கூட்டம் சேரும். சில இடங்களில் சரளை. மெல்லிய டயருக்கு நான் சொல்வது தென்மேற்கே லோ மாவட்டத்தின் செலே ஆற்றுப் பள்ளத்தாக்கு. பிழாக் நகர் வரை ரயிலில் போய், டி41 சாலையைப் பிடியுங்கள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சுண்ணாம்புப் பாறைச் சுவர், இடையிடையே மார்சிலாக் போன்ற பழைய மடாலய ஊர்கள். காப்ரரேயில் இறங்கி பெஷ் மெர்ல் குகை ஓவியங்களைப் பார்க்காமல் வராதீர்கள். ஆகஸ்ட் விடுமுறைக் கூட்டத்தைத் தவிர்த்து மே, ஜூன் அல்லது செப்டம்பரில் போங்கள்.

வேறு பகுதிக்குப் போனாலும் மிஷ்லின் வரைபடம் ஒன்று கையில் இருக்கட்டும். சிவப்புச் சாலைகளை விலக்குங்கள். வெள்ளைக் கோடுகள்தான் நமக்கானவை. ஓரத்தில் பச்சை தீட்டியிருந்தால் காட்சியும் அழகாக இருக்கும்.

கிராமக் கடைகள் மதியம் மூடிவிடும், ஞாயிறு பிற்பகலில் ரொட்டிகூடக் கிடைக்காது. முன்பே வாங்கி வையுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் இடப்பக்கம் போய்விடாதீர்கள். அங்கே வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்புறச் சந்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை.