லேப்டாப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டுமா? மாற்ற முடியாததை முதலில் பாருங்கள்

கல்லூரி சேர்க்கை தொடங்கிவிட்டால் சேதராப்பட்டில் என் வீட்டிற்கு வருபவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "தம்பி, இந்த லேப்டாப் நாலு வருஷம் தாங்குமா?" நான் சாஃப்ட்வேர் என்ஜினியர் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஆனால் இதற்கான பதிலை நான் கல்லூரியில் படிக்கவில்லை; பணத்தை இழந்துதான் தெரிந்துகொண்டேன்.

2015-இல் நான் பொறியியல் படிப்பில் சேர்ந்தபோது, அப்பா சீட்டுப் பணத்தை எடுத்து ஒரு லேப்டாப் வாங்கித் தந்தார். விலை குறைவு, எடையும் குறைவு. 2 ஜிபி ராம், 32 ஜிபி ஸ்டோரேஜ். அடுத்த ஆண்டு விண்டோஸ் 10-க்குப் பெரிய அப்டேட் வந்தது. அதை இறக்க டிஸ்க்கில் இடமில்லை. கூடுதல் ராம் போடலாம் என்று கடைக்குக் கொண்டு போனேன். கழற்றிப் பார்த்தவர், ராம், ஸ்டோரேஜ் இரண்டுமே மதர்போர்டில் சோல்டர் செய்யப்பட்டிருப்பதைக் காட்டினார். எதையும் மாற்ற வழியில்லை. இரண்டாம் ஆண்டிலேயே அது மூலைக்குப் போய்விட்டது.

எனவே ஒரே ஒரு விதியை நினைவில் வையுங்கள். பிறகு மாற்ற முடியாத பாகத்திற்கு இன்று பணம் கொடுங்கள். மாற்றக் கூடியதில் மிச்சம் பிடியுங்கள்.

பழைய கணக்கு சொல்லும் பாடம்

எச்சிஎல் இன்ஃபோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் தொழிற்சாலை ஒரு காலத்தில் எங்கள் சேதராப்பட்டில்தான் இயங்கியது. அந்த நிறுவனம் 2008 ஜனவரியில் 'மைலீப்' என்ற சிறிய லேப்டாப்பை 13,990 ரூபாய்க்கு அறிமுகப்படுத்தியது. அன்று அது பெரிய செய்தி. ஆனால் அதன் திரை 7 அங்குலம்தான். திரை சிறியது என்று பிறகு பெரிதாக்க முடியுமா?

அடுத்து, தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. முதலில் தரப்பட்டவற்றில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருந்தன. 2025-இல் கல்லூரி மாணவர்களுக்காக எல்காட் டெண்டர் கோரியபோது கேட்டது 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ராமின் தேவை நான்கு மடங்கு ஆகிவிட்டது. டிஸ்க்கின் அளவோ குறைந்திருக்கிறது, வேகம்தான் கூடியிருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியதும் இதே வரிசைதான்.

1. ராம்: 8 ஜிபி என்பது இன்றைய தேவைக்கு. ஐந்தாறு ஆண்டு ஓட வேண்டுமானால் 16 ஜிபி வேண்டும். பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை என்றால், 8 ஜிபியுடன் காலி ஸ்லாட் உள்ள மாடலாகப் பாருங்கள். நிறுவனத்தின் விவரப் பட்டியலில் 'சோல்டர்டு' அல்லது 'ஆன்போர்டு' என்று மட்டும் இருந்து, ஸ்லாட் பற்றிய பேச்சே இல்லையென்றால் உஷாராகுங்கள். 2025 கடைசியில் ராம் விலை வெகுவாக ஏறியது. எனவே "பிறகு மலிவாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று நம்பி இருக்காதீர்கள்.

2. பிராசசர்: இதை மாற்றவே முடியாது. பெட்டியில் ஐ5, ரைசன் 5 என்று பெரிதாக எழுதியிருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். உதாரணமாக, ரைசன் 5 7520யு பிராசசர் 2022-இல் வந்தது. அதன் மூன்றாவது இலக்கமான 2 என்பது, 2019-இல் வந்த 'ஜென் 2' வடிவமைப்பைக் குறிக்கிறது. 7530யு என்றால் அது 'ஜென் 3'. ஓர் இலக்கம்தான் வித்தியாசம்! மேலும் 7520யு உள்ள லேப்டாப்களில் ராம் சோல்டர் செய்யப்பட்டே வரும்.

3. விண்டோஸ் ஆதரவு: செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பிராசசர் இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்ததாக இருக்க வேண்டும். நன்றாக ஓடும் பல லேப்டாப்கள் இந்த இடத்தில்தான் தோற்றுப்போயின.

4. திரை: 1920 x 1080 பிக்ஸல், ஐபிஎஸ் வகை. நான்கு ஆண்டுகள் உங்கள் கண்கள் பார்க்கப் போவது இதைத்தான்.

5. எஸ்எஸ்டி, பேட்டரி: மிச்சம் பிடிக்க ஏற்ற இடம் எஸ்எஸ்டி. எம்.2 ஸ்லாட் இருந்தால் 256 ஜிபி அல்லது 512 ஜிபியில் தொடங்கி, பின்னால் பெரிதாக்கிக்கொள்ளலாம். பேட்டரி எப்படியும் சில ஆண்டுகளில் தேயும். எப்போதும் சார்ஜரிலேயே வைத்துப் பயன்படுத்துபவர்கள், செட்டிங்கில் வசதி இருந்தால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தி வையுங்கள். மாற்று பேட்டரி கிடைக்கும் மாடல்தானா என்றும், சர்வீஸ் சென்டர் உங்களுக்கு அருகில் இருக்கிறதா என்றும் வாங்கும் முன்பே கேளுங்கள்.

கடையில் செய்ய வேண்டியது

டிஸ்ப்ளேயில் உள்ள லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்', பிறகு 'மெமரி' பகுதிக்குச் செல்லுங்கள். ராம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் உள்ளது என்று காட்டும். சில மாடல்களில் சோல்டர் செய்த ராமையும் ஸ்லாட் என்றே காட்டும் என்பதால், முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுவனத்தின் விவரப் பட்டியலுடன் ஒப்பிட்டுவிடுங்கள்.

சென்ற முறை கேட்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, மகளுக்காகப் பார்த்து வைத்திருந்த மாடலில் 1 டிபி எஸ்எஸ்டி இருந்தது. ராமோ 8 ஜிபி, சோல்டர் செய்தது. அதே விலையில் 512 ஜிபி எஸ்எஸ்டியும் 16 ஜிபி ராமும் உள்ளதை வாங்கச் சொன்னேன். "டிஸ்க் பாதியாயிடுச்சே தம்பி" என்றார். "அதை எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம், அக்கா" என்றேன்.