ரொறன்ரோவில் கற்பூரவள்ளி வளர்க்கப் போகிறவளுக்கு

பிள்ளை, நீ கேட்ட கற்பூரவள்ளித் தண்டு தருகிறேன். அதோடு இந்தச் சொற்களையும் வாங்கிக்கொள்.

1. அளவறிந்து கொடு. இந்த ஊரில் கற்பூரவள்ளி குளிரால் சாவதைவிட, நாம் பார்த்துப் பார்த்து ஊற்றும் தண்ணீரால் சாவதே அதிகம். வீட்டில் ஆளுக்கொரு கோப்பை ஊற்றியே அழுகிப்போன செடிகளைக் கண்டிருக்கிறேன். அதன் தடித்த இலைக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. வாடிய இலை தண்ணீர் கண்டதும் நிமிர்ந்துவிடும். அடித்தண்டு கறுத்துக் கொழகொழத்தால் மீளாது. நுனியில் நல்ல தண்டு இருந்தால் வெட்டி மறுபடி நடு. துளையில்லாத சாடி வேண்டவே வேண்டாம்.

2. அவசரப்படாதே. ஏப்ரலில் இரண்டு நாள் வெயில் எறித்ததும் சாடியை வெளியே தூக்காதே. மே நடுப்பகுதி வரை இங்கே உறைபனி விழலாம். அதன் பின் வரும் விக்ரோறியா தினம் கழியட்டும். அப்போதும் ஒரு வாரம் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்கு நகர்த்து. செப்டெம்பரில் இரவு வெப்பநிலை 10 பாகையை நெருங்கினால் உள்ளே எடுத்துவிடு.

3. மெலிந்ததைக் கைவிடாதே. டிசெம்பரில் பகல் 9 மணித்தியாலம்தான். தெற்கு யன்னலில் வைத்தாலும் தண்டு வெளிறி நீளும். இலை கண்ணாடியில் முட்டாமல், ஹீற்றர் காற்று நேரே படாமல் வை, உரம் போடாதே. அயல்வீட்டு அக்கா ஒருவர் தை மாதத்தில் இப்படி நின்ற செடியைக் குப்பையில் போடப்போனார். வாங்கிவந்து கணுவுக்கு மேலே வெட்டிவிட்டேன். பங்குனியில் அந்தக் கணுக்களில் இரண்டிரண்டாய்த் துளிர்த்தது. அப்படி வரும் இளந்துளிரின் மெல்லிய மயிரை விரலால் தடவிப் பார், வாசம் கையிலேயே நிற்கும்.

4. கொடுத்து வை. விரல் நீளத் தண்டை முறித்து, கீழ் இலைகளைக் களைந்து ஈரமண்ணில் குத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர்விடும். நாலு வீட்டுக்குக் கொடு. உன் செடி ஒரு குளிர்காலத்தில் போனாலும் ஊரில் செடி இருக்கும்.

5. மருந்தின் எல்லையை அறி. தடிமனுக்கும் இருமலுக்கும் இலையை வாட்டிச் சாறு பிழிந்து தேனில் குழைப்பது நம் வழக்கம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் இலை பறித்துக்கொண்டு நிற்காதே, உடனே மருத்துவரிடம் போ.